இன்னொரு கோட்டுக்கு இடம்

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிங்கப்பூரின் தேக்காவுக்கும் ரோச்சோருக்கும் இடையே நடந்து திரிந்தவர்களுக்கு அந்தத் தடுப்புப் பலகைகள் நினைவிருக்கும். டௌன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டத்துக்காக நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாலை சில மாதம் இந்தப் பக்கம் வளையும், பிறகு அந்தப் பக்கம் வளையும். பேருந்து நிறுத்தத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பலகைகளுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலானவர்களுக்கு இல்லை, எனக்கு இருந்தது. நான் கட்டுமானப் பொறியாளன் அல்ல. குழியைச் சுற்றி மண்ணிலும் சுவரிலும் இரும்பிலும் பொருத்திய கருவிகள் எண்களை அனுப்பும். அந்த எண்களைக் கணினித் திரையில் கோடுகளாக வரையும் மென்பொருளை எழுதுவது என் வேலை.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் முதலில் சொல்லப்படுவது நிக்கல் நெடுஞ்சாலையில் நடந்ததுதான். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகலில், வட்டப் பாதை ரயிலுக்காக அங்கே தோண்டிய ஆழ்குழியின் தடுப்புச் சுவர்கள் உள்ளே சரிந்தன. பக்கத்தில் ஓடிய நெடுஞ்சாலையும் சேர்ந்து இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். தன்னுடைய ஆட்களை மேலே ஏற்றிவிட்டுத் தான் உள்ளேயே சிக்கிக்கொண்ட ஃபோர்மன் ஹெங் இயாவ் பியாவின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணைக் குழு 2005 மே மாதம் இறுதி அறிக்கை தந்தது. மண்ணின் வலுவை அளவுக்கு மீறி மதிப்பிட்ட கணக்கு, குறுக்கே முட்டுக் கொடுத்த இரும்புத் தூண்களின் இணைப்பில் இருந்த பலவீனம் ஆகியவற்றோடு, கருவி அளவுகளைக் கண்காணித்துப் புரிந்துகொண்ட முறையிலும் குறை இருந்தது என்று அது சொன்னது. குழியில் கருவிகள் இருந்தன, அவை அளவுகளையும் கொடுத்துக்கொண்டிருந்தன. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. எண்கள் இருந்தும் மனிதர்கள் காப்பாற்றப்படவில்லை என்றால், எண்ணுக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அந்த நடுவில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

தேக்கா பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலாங் ஆற்றுப்படுகையை ஒட்டிய தாழ்நிலங்களில் சாம்பல் நிறக் கடற்களிமண் ஆழமாகக் கிடக்கிறது. கையில் எடுத்தால் வழுவழுவென்று இருக்கும். அழுத்தினால் விரல் இறங்கிவிடும். அதற்குள் பல மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டுமானால் முதலில் நிலத்துக்குள்ளேயே கான்கிரீட் சுவர் இறக்க வேண்டும். பிறகு தோண்டத் தோண்ட ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு சுவர்களுக்கும் இடையே இரும்பு முட்டுகளை வைக்க வேண்டும். சைட்டில் அதை ஸ்ட்ரட் என்பார்கள். சுவர் எவ்வளவு வளைகிறது, ஸ்ட்ரட் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது, வெளியே இருக்கும் பழைய கடைவீடுகள் எவ்வளவு இறங்குகின்றன என்று மூன்றையும் நாள் தவறாமல் அளப்பார்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989-லேயே பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஆழமான அடித்தளம் இல்லாத அந்தக் கடைவீடுகளின் சுவர்களில், இறக்கத்தை அளப்பதற்காகக் கட்டைவிரல் அளவுக்குக் கண்ணாடிப் பிரிசங்களை ஒட்டியிருந்தார்கள். பூமாலை வாங்க நிற்பவர்கள் தலைக்கு மேலே அது இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

சுவரின் வளைவை அளக்கும் கருவிக்கு இன்கிளினோமீட்டர் என்று பெயர். அதை இறக்குகிற தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவர் வேலை செய்வதைப் பார்க்காமல் அந்த எண்களை வரைவது சரியில்லை என்று தோன்றியதால், ஒருநாள் காலையில் கூடவே போய் நின்றேன். இரும்பு மூடியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் குழாய். அதன் உட்புறத்தில் நான்கு பள்ளக் கோடுகள் நெடுக இறங்கும். சக்கரம் வைத்த எஃகுக் கருவியை அந்தப் பள்ளத்தில் பொருத்தி அடிவரைக்கும் விடுவார். கீழே இருக்கும் தண்ணீரின் சூட்டுக்கு அது பழகட்டும் என்று சிறிது நேரம் காத்திருப்பார். பிறகு கேபிளில் அரை மீட்டருக்கு ஒரு குறி வீதம் மேலே இழுப்பார். ஒவ்வொரு குறியிலும் எண் ஆடி ஓயும் வரை அசையாமல் நிற்பார், ஓய்ந்ததும் பதிவு. நாற்பது மீட்டர் குழாய் என்றால் 80 நிறுத்தங்கள். மேலே வந்ததும் கருவியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் 80. ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன்.

“கருவிக்குன்னு ஒரு கோணல் இருக்கும்ணே. திருப்பிப் போட்டா அந்தக் கோணல் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். மிச்சம் இருக்கறது சுவரோட கோணல்.”

இதைவிடத் தெளிவாக எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. ஒவ்வொரு அரை மீட்டரிலும் கிடைக்கும் சாய்வை அடியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், சுவர் எந்த ஆழத்தில் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்ற வடிவம் கிடைக்கும். தோண்டத் தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் அளவை அதிலிருந்து கழிக்க வேண்டும். ஆழத்தை மேலிருந்து கீழாகவும், நகர்வை இடமிருந்து வலமாகவும் வைத்து வரைந்தால் அன்றைய நாளுக்கு ஒரு கோடு. அடுத்த அளவுக்கு அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. சாப்பாட்டுக்குப் பின் உப்பிய வயிற்றைப் போல நடுவில் புடைத்த கோடுகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வலது பக்கம் நகரும்.

இந்த வேலையின் சாரமே அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான். கடைசிக் கோட்டை மட்டும் காட்டினால் அதிலிருந்து எதுவும் தெரியாது. 30 மில்லிமீட்டர் என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது, அதற்கு முந்தைய வாரம் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. மண்ணை எடுத்த நாளில் கோடுகள் விலகி நிற்கும். ஸ்ட்ரட் வைத்து இறுக்கியதும் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று படியும். படிய வேண்டிய நேரத்தில் படியாமல் விலகிக்கொண்டே போனால் வேலையை நிறுத்த வேண்டும். ரால்ஃப் பெக் 1969-இல் நிகழ்த்திய ரேங்கின் சொற்பொழிவில் விரிவாக எடுத்துரைத்த ‘கவனித்துக் கட்டும் முறை’ இதைத்தான் நம்பி நிற்கிறது. மண்ணைப் பற்றி எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிய முடியாது. ஆகவே கட்டிக்கொண்டே கவனி, கவனித்ததை வைத்து அடுத்த அடியைத் தீர்மானி. அப்படியானால் கவனித்தது எல்லாம் ஒரே இடத்தில் கண் முன்னே இருந்தாக வேண்டும்.

நான் வந்தபோது அங்கே பயன்பாட்டில் இருந்த பழைய நிரல் அப்படி இல்லை. எழுதியவர் படத்தில் எட்டுக் கோடுகளை முன்கூட்டியே வைத்துவிட்டிருந்தார். ஒன்பதாவது அளவு வந்ததும் முதலாவது அளவு மறைந்துவிடும். அதனால் பொறியாளர்கள் எண்களை எக்செலுக்கு எடுத்துப் போய்க் கையால் கோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எக்செலிலும் ஒரு படத்துக்கு 255 தொடர்கள்தான், அதாவது 255 கோடுகள்தான், எல்லை. நாளுக்கு ஓர் அளவு என்றால் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. ஸ்ட்ரட் படமும் அப்படித்தான்: புது ஸ்ட்ரட் ஒன்றைப் பொருத்தினால் நிரலைத் திறந்து மாற்றி, மறுபடியும் தொகுத்து, சைட் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். புதிய ஸ்ட்ரட் தன் சுமையை ஏற்கிற முக்கியமான நாட்களே அவைதான்.

மைக்ரோசாஃப்ட் 2008-இல் தன் டாட்நெட் நிரல்தளத்துக்கென்று படம் வரையும் ஒரு சார்ட் கட்டுப்பாட்டை வெளியிட்டிருந்தது. டண்டாஸ் நிறுவனத்திடம் வாங்கிய நுட்பத்தின் மேல் எழுந்தது அது. 2010-இல் டாட்நெட் 4 வந்தபோது அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதை ஃபார்மில் இழுத்துப் போட்டதும் ‘சீரிஸ்1’ என்ற பெயரில் ஒரு தொடர் ஆயத்தமாக வந்து நிற்கும். என் முதல் வேலை அதை அழிப்பது. படம் வெறுமையாகத் தொடங்க வேண்டும். எத்தனை கோடுகள் என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது. தரவுத்தளத்தில் என்ன கருவிகள் இருக்கின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அளவுகள் இருக்கின்றனவோ, அத்தனை தொடர்களை நிரல் ஓடும்போதே உருவாக்கிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எழுதிப் பார்த்தால் அது சில வரிகள்தான்: புதுத் தொடர் ஒன்று உருவாக்கு, பெயர் கொடு, கோட்டு வகை என்று சொல், புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர், தொடரைப் படத்தில் சேர். செங்குத்து அச்சைத் தலைகீழாக்கு, ஆழம் கீழே போகட்டும். சேர்த்த வரிசையிலேயே புள்ளிகளை அது இணைப்பதால், உள்ளே போய் வெளியே வருகிற சுவரின் வளைவும் ஒழுங்காக வந்தது.

அந்தச் சில வரிகளைச் சுற்றித்தான் உண்மையான வேலை இருந்தது. ஒரு படத்தில் இரண்டு தொடர்களுக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. இருந்தால் நிரல் பிழையோடு நின்றுவிடும். தேதியைப் பெயராக வைக்கலாம் என்றால், பலத்த மழை பெய்த நாளிலும் அளவு சந்தேகமாக இருந்த நாளிலும் தம்பி இரண்டு முறை எடுப்பார். சந்தேகமாக இருந்த நாளின் இரண்டு கோடுகளும் அல்லவா நமக்கு முக்கியம்! ஆகவே கருவி எண், தேதி, மணி, நிமிடம் எல்லாம் சேர்ந்தது ஒரு தொடரின் பெயர் ஆயிற்று. திரையில் மட்டும் சுருக்கமாகத் தேதி தெரியும்.

இன்னொன்று வரவு நேரம். ஸ்ட்ரட்டுகளில் பற்றவைத்த அதிர்கம்பி அளவிகளின் எண்கள், லாகர் என்னும் பதிவுக்கருவி வழியாகத் தாமாகவே வந்து விழும். அவற்றை வாங்குகிற த்ரெட், அதாவது நிரலின் ஓட்டம், வேறு; திரையை வரைகிற த்ரெட் வேறு. விண்டோஸில் ஒரு கட்டுப்பாட்டை எந்த த்ரெட் உருவாக்கியதோ அதுதான் தொடலாம். எண் வந்த இடத்திலிருந்தே தொடரைச் சேர்க்கப் போனால் நிரல் சில நேரம் ஒழுங்காக ஓடும், சில நேரம் காரணம் சொல்லாமல் படுத்துவிடும். எனவே வருகிற எண்கள் ஒரு வரிசையில் நிற்கும். திரையின் த்ரெட்டிடம் இன்வோக் வழியாகச் சொல்லி அதன் கையாலேயே சேர்க்க வைப்பேன். ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்தே கிடக்கும் நிரலுக்கு இந்த ஒழுங்கு கட்டாயம்.

பழைய நிரலில் என்னை மிகவும் வருத்தியது சுழியம். இடைநாளில் பொருத்திய ஸ்ட்ரட்டுக்கு அதற்கு முந்தைய நாட்களில் அளவு கிடையாது. எல்லாத் தொடர்களுக்கும் ஒரே நீளம் வேண்டுமென்று பழைய நிரல் அந்த இடத்தில் சுழியத்தை நிரப்பியிருந்தது. படத்தைப் பார்த்தால், பல வாரங்களாகச் சுமையே இல்லாமல் கிடந்த ஸ்ட்ரட் ஒன்று திடீரென்று சுமை ஏற்றதுபோல் தெரியும். கேபிள் அறுந்த நாட்களிலும் இதே கதை. என் நிரலில் ஒவ்வொரு தொடரும் தன் முதல் அளவின் நேரத்தில்தான் தொடங்கியது. ஸ்ட்ரட்டைக் கழற்றிய நாளில் முடிந்தது. ஆனால் படத்திலிருந்து போகவில்லை. அளவு வராத நேரத்துக்கு வெற்றுப் புள்ளி ஒன்றைச் சேர்ப்பேன், கோடு அங்கே அறுந்து நிற்கும். அழகுக்காக அதை இணைத்துவிடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. நமக்குத் தெரியாத நேரம் ஒன்று இருந்தது என்பதும் குழிக்குள் நிற்பவனுக்குச் சேர வேண்டிய செய்திதான்.

ஸ்ட்ரட் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு கல்வி. வெயில் ஏறும்போது இரும்பு விரிந்து சுவரை முட்டும். சுமை மேலே போகும். பிற்பகல் மழை கொட்டினால் சட்டென்று இறங்கும். நாளுக்கொரு அலை. அந்த அலையைப் பழகிய கண்ணுக்குத்தான் அலையின் அடிமட்டமே மெல்ல உயர்வது புலப்படும். கீழே ஒரு மட்டம் மண் எடுத்தால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் அதைச் சொல்லும். புதிதாக ஒன்று வந்து இறுக்கப்பட்டதும் பக்கத்தில் இருப்பதன் சுமை குறையும். புதிய கோடு பிறக்கிற அதே நேரத்தில் பழைய கோடு இறங்குவதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், பாரம் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கை மாறுவது விளங்கியது.

கோடுகள் பெருகியதும் வண்ணம் தீர்ந்துபோனது. கட்டுப்பாடு தரும் வண்ணத் தொகுப்பு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் ஒரே நீலம். பழைய கோடுகளைச் சாம்பல் நிறமாக்கி, நாள் ஆக ஆக மங்க வைத்தேன். அண்மைக் கோடுகள் மட்டும் வண்ணத்தில் இருக்கும். கடைசிக் கோடு தடிமனாக இருக்கும். முதல் அளவு எப்போதும் கறுப்பு. எச்சரிக்கை அளவும், பணியை நிறுத்தும் அளவும் இரண்டு பட்டைகளாகப் பின்னணியில் நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தாலே சுவர் எந்தப் பக்கம் எந்த வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதே எண்ணம். சைட் அலுவலகக் கொள்கலனின் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். காலைக் கூட்டத்துக்கு வரும் மேற்பார்வையாளர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது வழக்கமாயிற்று.

அங்கே தமிழும் வந்தது. தொடரின் பெயரிலும் லெஜண்ட் என்னும் விளக்கப் பெட்டியிலும் யூனிகோடு எழுத்தைத் தாராளமாகப் போடலாம். லதா எழுத்துரு அப்போது விண்டோஸோடு வந்ததுதான். வேலையாட்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். ஸ்ட்ரட் எண்ணின் பக்கத்தில் ‘மூன்றாம் மட்டம், கிழக்கு மூலை’ என்று தமிழிலும், அதே பெட்டியில் சீனத்திலும் காட்டும்படி செய்தேன். கோடு எந்த இரும்பைப் பற்றியது என்று தெரிந்தவனுக்குத்தான், மேலே ஏறிய கோட்டைப் பார்த்ததும் அந்த மூலையிலிருந்து விலகி நிற்கத் தோன்றும்.

கடைவீட்டு வரிசையில் மளிகைக்கடை நடத்திவந்த பெரியவர் ஒருவர், தன் சுவரில் ஒரு விரிசல் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். குழி தோண்டுவதற்கு முன்பு எடுத்த படங்களிலும் அந்த விரிசல் இருந்தது. ஆனாலும் அவருக்கு அச்சம். நாற்பது ஆண்டுக் கடை. மிளகாய் மூட்டைகளை நகர்த்திவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே அளவி ஒன்றைப் பொருத்தினார்கள். ஒன்றின்மேல் ஒன்று நகரும் இரண்டு தகடுகள். மேல் தகட்டில் சிவப்புக் குறுக்குக் கோடு, கீழ்த் தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள். தம்பி முதல் அளவை எடுத்து ஏற்றியதும், நான் எதையும் தொடாமலேயே படத்தில் ஒரு புதுத் தொடர் பிறந்தது. ஒரே ஒரு புள்ளி, பக்கத்தில் கடையின் பெயர்.

சில வாரம் கழித்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். திரையில் அந்தத் தெருவின் கோடுகள் அத்தனையும் இருந்தன.

“இதுல நம்ம கடை எது தம்பி?”

தொட்டுக் காட்டினேன். மற்றவற்றை மங்கச் செய்து அதை மட்டும் தடிப்பாக்கினேன். தட்டையாக ஓடியது; வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மயிரிழை அளவு ஏறி இறங்கியதோடு சரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அடுத்த மாசமும் வந்து காட்டுங்க. நகர்ந்தாலும் காட்டுங்க, மறைக்காதீங்க.”

“மறைக்க முடியாதுங்க ஐயா. முதல் நாள் எடுத்ததும் இதிலேயே நிற்கும்.”

அவர் கேட்டது நியாயமானது. ஒரு தெருவின் சராசரி நகர்வு என்று ஒரே கோடு போட்டுக் காட்டியிருந்தால் அவருக்கு அதில் இடமே இல்லை. சராசரி இரண்டு மில்லிமீட்டர் என்று சொல்லும் படத்தில், எட்டு மில்லிமீட்டர் இறங்கிய ஒரு சுவர் காணாமல் போய்விடும். எதிலிருந்து எண் வருகிறதோ அதற்கெனத் தனிக் கோடு, தனிப் பெயர், தனித் தொடக்க நாள். அப்புறம் வேண்டுமானால் சராசரியும் ஒரு கோடாகச் சேரட்டும்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் பார்ப்பேன். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நண்பர்களோடு தே குடித்துக்கொண்டு நிற்பார். ஒரு முறை சாலையில் இரும்புத் தட்டு போட்ட இடத்தைக் காலால் தட்டிக் காட்டி, “இதுக்குக் கீழதாண்ணே நம்ம மூணாவது மட்டம்” என்று கூட இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். படத்தை வாசிக்கவும் அவருக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அளவை ஏற்றிய கையோடு தானே திரைக்கு முன்னால் நின்று, நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவில் கண்ணை ஓட்டுவார். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் கோடு பல்லைப்போல் நீட்டிக்கொண்டிருந்தால், அது சுவர் அல்ல, குழாயின் இணைப்பில் சக்கரம் ஏறியது என்று அவரே சொல்லிவிட்டு மறுபடி இறக்கப் போவார். தன் கையால் எடுத்த எண் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்துவிட்ட மனிதர் எவ்வளவு கவனமாக அளப்பார் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

2015 டிசம்பர் 27 அன்று அந்தப் பாதை திறந்தது. லிட்டில் இந்தியாவிலும் ரோச்சோரிலும் ரயில் நின்றது. தடுப்புகள் போய்விட்டன, பிரிசங்களைக் கழற்றிவிட்டார்கள். அந்த சார்ட் கட்டுப்பாடும் புதிய டாட்நெட் பதிப்புகளின் உள்ளே சேர்க்கப்படவில்லை. இப்போது பெரும்பாலான கண்காணிப்புப் படங்கள் உலாவியில்தான் திறக்கின்றன. வடகிழக்குப் பாதையும் டௌன்டவுன் பாதையும் சந்திக்கும் லிட்டில் இந்தியா நடைவழியில் மாறிப் போகும்போதெல்லாம், இருபுறச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் களிமண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வலியுறுத்துவது இதுதான். படம் வரைவதற்கு முன், இந்தப் படத்தில் இன்னும் வராதவர் யார் என்று கேளுங்கள். எத்தனை கோடுகள் என்பதை நிரல் எழுதும் அன்றே முடிவு செய்துவிட்டால், யாரைக் கணக்கில் எடுப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிட்டீர்கள். மண் நம்மைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை; விரிசல் நம் வடிவமைப்பைப் பார்த்து விழுவதில்லை. புதிது வந்தால் ஏற்றுக்கொள்ளட்டும், பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பாமல் இருக்கட்டும். இந்த மூன்றும் உள்ள நிரலை நம்பித்தான் ஒரு மனிதனைக் குழிக்குள் இறங்கச் சொல்லலாம்.